வளாகத்தினுள் துப்பாக்கிதாரி: பொலிஸார் வந்துசேரும் வரையிலான நிமிடங்கள்

2007 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16 ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவர் மேற்கொண்ட துப்பாக்கிப் பிரயோகத்தில் 32 பேர் கொல்லப்பட்ட செய்தி இலங்கையை வந்தடைந்தபோது இங்கு இரவாகியிருந்தது. கொல்லப்பட்டவர்களுள் ஒருவர் தமிழர். ஈரோடு மாவட்டத்தின் கோபிசெட்டிபாளையம் பகுதியில் பிறந்து, கான்பூர் இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பின்னர் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்திலும் பயின்று, கால் நூற்றாண்டு காலம் அங்கு நீரியல் கற்பித்துவந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதனே அவர். நொறிஸ் மண்டபத்தின் 206 ஆம் இலக்க அறையில் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். துப்பாக்கிதாரி முதலில் நுழைந்த வகுப்பறை அதுவே. பேராசிரியரும் அவரது மாணவர்கள் 9 பேரும் அங்கேயே உயிரிழந்தனர். அவர்களுள் எகிப்து நாட்டைச் சேர்ந்த முஸ்லிம் மாணவர் ஒருவரும் இந்தோனேசிய மாணவர் ஒருவரும் அடங்குவர்.

அந்நிய நாடொன்றின் துயரத்தை இத்தனை ஆண்டுகளின் பின்னர் நாம் நினைவுகூருவதற்குக் காரணமுண்டு. எமது பிள்ளைகள் பெருந்தொகையானோர் இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் உயர்கல்வி பயில்கின்றனர். காணியை ஈடுவைத்தும் நகையை அடகுவைத்தும் பிள்ளையை அனுப்பிவைக்கும் பெற்றோர், குளிருக்கான ஆடை முதல் மிளகாய்த்தூள் வரை அனைத்தையும் கட்டிக் கொடுக்கின்றனர். வகுப்பறைக்கு வெளியே வெடிச்சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று மாத்திரம் எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அது பற்றிப் பேசுவதே அபசகுனம் என்று கருதப்படுகின்றது போலும். ஆயின், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் புதிய மாணவர்களுக்கு நடத்தும் அறிமுக வகுப்புகளில் இன்று இது சாதாரணமாகப் பேசப்படும் விடயமாகும்.

அன்று நொறிஸ் மண்டபத்தில் நிகழ்ந்தவை பின்னர் மாநில ஆளுநர் நியமித்த விசாரணைக் குழுவினால் விரிவாக ஆராயப்பட்டன. அக்குழு வெளிக்கொணர்ந்த விபரங்களிலிருந்தே நாம் கற்க வேண்டியவை அதிகம். முதற்கண் கவனிக்க வேண்டியது நேரம். காலை 7.15 மணியளவில் மாணவர் விடுதியொன்றில் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தனிப்பட்ட தகராறு என ஊகித்த பொலிஸார் வேறொருவரைத் தேடிச் சென்றனர். விடுதியில் துப்பாக்கிச் சூடு இடம்பெற்றதென்ற முதலாவது மின்னஞ்சலைப் பல்கலைக்கழக நிர்வாகம் 9.26 மணிக்கே அனுப்பியது. அப்பொழுது மாணவர்கள் வழமை போல் விரிவுரைகளுக்கு வந்தமர்ந்துவிட்டனர். 9.40 மணியளவில் நொறிஸ் மண்டபத்தில் தாக்குதல் ஆரம்பமாகியது. துப்பாக்கிதாரி நடமாடுகிறான், கட்டடங்களை விட்டு வெளியேற வேண்டாம் என்ற தெளிவான எச்சரிக்கை 9.50 மணிக்கு அனுப்பப்பட்டது. 9.51 மணிக்கு அவன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். ஏறத்தாழ 11 நிமிடங்களில் 170 இற்கும் மேற்பட்ட சூடுகள். அக்கட்டடத்தில் மாத்திரம் 30 மரணங்கள்.

பொலிஸார் தாமதித்தனர் என்று கூறவும் முடியாது. அவசர அழைப்புக் கிடைத்து மூன்று நிமிடங்களில் அவர்கள் கட்டடத்தை அடைந்தனர். எனினும் மூன்று பிரதான வாசல்களையும் கொலையாளி உட்புறமாகச் சங்கிலியிட்டுப் பூட்டியிருந்தான். வேறொரு கதவின் பூட்டைச் சுட்டுத் தகர்த்து உள்ளே நுழைவதற்கு மேலும் ஐந்து நிமிடங்கள் கழிந்தன. அந்த எட்டு நிமிடங்களில் உள்ளே இருந்தவர்களுக்கு அவர்களே துணை. இது அன்றைய தினத்துக்கு மட்டும் உரிய நிலைமையுமன்று. 2000 முதல் 2013 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த இத்தகைய 160 சம்பவங்களை ஆராய்ந்த எப்.பி.ஐ., அவற்றுள் 107 சம்பவங்கள் பொலிஸார் வருமுன்னரே முடிந்துவிட்டதாகத் தெரிவித்தது. நேரத்தைத் திட்டவட்டமாகக் கணிக்க முடிந்த 64 சம்பவங்களில் 44 ஐந்து நிமிடங்களுக்குள் முடிவடைந்திருந்தன.

அந்த நிமிடங்களில் உயிரையும் மரணத்தையும் பிரித்தது பெரும்பாலும் ஒரு கதவே. நொறிஸ் மண்டபத்தின் அதே மாடியில் ஐந்து வகுப்பறைகளை நோக்கித் துப்பாக்கிதாரி சென்றான். வகுப்பறைக் கதவுகளை உள்ளிருந்து பூட்டும் வசதி ஆசிரியர்களுக்கு இருக்கவில்லை. 206 இல் இருந்தவர்களுக்குச் சிந்திக்க அவகாசமே கிடைக்கவில்லை. 211 ஆம் அறையில் பிரெஞ்சு மொழி ஆசிரியையும் மாணவர்களும் கதவை அடைக்க முயன்றனர். அடைப்பு நிலைபெறுமுன் அவன் தள்ளிக்கொண்டு நுழைந்துவிட்டான். அங்கு 12 பேர் இறந்தனர். 207 இல் முதற்தடவை சுட்டுவிட்டு அவன் வெளியேறியதும், காயமடைந்த நிலையிலிருந்த மாணவர்களே கைகளாலும் கால்களாலும் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டனர். மீண்டும் வந்தவனால் உள்ளே நுழைய முடியவில்லை. 205 இல் இருந்தவர்கள் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்திலேயே பெரிய மேசையொன்றைக் கதவோடு சாய்த்துத் தாங்கிக்கொண்டனர். அவன் கதவினூடாகச் சுட்டான். ஆயினும் அவ்வறையில் ஒருவருக்கேனும் காயமில்லை.

204 ஆம் அறையின் கதை உலகறிந்தது. ருமேனியாவில் பிறந்து, நாஸிகளின் யூத இனப்படுகொலையிலிருந்து தப்பிப் பிழைத்த 76 வயதான பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு, கதவைத் தன் உடலால் தடுத்துக்கொண்டு மாணவர்களை ஜன்னல்களினூடாகக் குதிக்கச் செய்தார். மேல்மாடியிலிருந்து குதித்த சிலருக்குக் கால் முறிந்தது. அவரும் மும்பையைச் சேர்ந்த மாணவி ஒருவரும் உயிரிழந்தனர், ஏனையோர் பிழைத்தனர்.

இவ்விடத்தில் எமது வாசகர்களுக்கென்றே கூற வேண்டிய ஒன்றுண்டு. வடக்கிலும் கிழக்கிலும் யுத்த காலத்தில் வளர்ந்த தலைமுறைக்கு வெடிச்சத்தம் கேட்டால் உடல் தானாகவே ஒன்றைச் செய்யும். நிலத்தில் குப்புற விழும். அல்லது பதுங்குகுழியைத் தேடும். விழுந்த இடத்தில் அசையாது கிடப்பதே ஷெல் வீச்சிலிருந்து தப்பும் வழி என்று எமக்குச் சொல்லித்தரப்பட்டது. அது சரியான பாடம். ஏனெனில் ஷெல்லுக்குக் கண்ணில்லை. அது எவரையும் தேடி வருவதில்லை. அறை அறையாகத் திரியும் துப்பாக்கிதாரியோ தேடி வருகின்றான். மேசைக்கடியில் கிடப்பவரை அவன் காண்கிறான். அந்தப் பழக்கத்தைப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கும் கடத்தியிருப்பின், இந்த ஒரு விடயத்தில் அதனை மாற்றிச் சொல்லிக் கொடுப்பது அவசியமாகின்றது.

1999 ஏப்ரல் 20 ஆம் திகதி கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்தரப் பாடசாலையில் இது மிகக் கொடூரமாக நிரூபணமாகியது. நூலகத்திலிருந்த மாணவர்கள் மேசைகளுக்கடியில் ஒளிந்திருக்குமாறு பணிக்கப்பட்டனர். அவர்களைப் பணித்த ஆசிரியை மீது குற்றம் காண்பதற்கில்லை. அன்று எவருக்கும் வேறு வழி கற்பிக்கப்பட்டிருக்கவில்லை. சில நிமிடங்களின் பின்னரே கொலையாளிகள் இருவரும் நூலகத்தினுள் நுழைந்தனர். அங்கு 10 மாணவர்கள் கொல்லப்பட்டனர். வெளியே செல்லும் அவசர வாசல் ஒன்று அந்நூலகத்திலேயே இருந்தது. கொலையாளிகள் அகன்ற பின்னர், உயிர் தப்பியோர் அவ்வாசலினூடாகவே வெளியேறினர்.

இத்தகைய அனுபவங்களின் விளைவாகவே, ஹூஸ்ரன் மாநகர நிர்வாகம் 2012 இல் வெளியிட்ட காணொளியொன்றில் 'ஓடு, ஒளி, போரிடு' என்ற மூன்று சொற்களில் அறிவுரை சுருக்கப்பட்டது. பின்னர் எப்.பி.ஐ.யும் பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் அதனை ஏற்றுக்கொண்டன. பிரித்தானியாவில் மூன்றாவது சொல்லுக்குப் பதிலாக 'அறிவி' என்று கூறப்படுகின்றது. சொற்களின் வரிசையே இங்கு முக்கியம். வெளியேறப் பாதுகாப்பான வழி இருக்குமாயின் வெளியேறுவதே முதற்கடன். புத்தகப் பையையோ மடிக்கணினியையோ எடுக்கக் கூடாது. தயங்கி நிற்கும் நண்பரை அழைக்கலாம். அவர் வர மறுத்தால் அவருக்காகக் காத்திருத்தல் ஆகாது. இது எமது பண்பாட்டுக்குக் கடினமாகத் தோன்றும் அறிவுரையே. எனினும் ஒருவர் ஓடத் தொடங்கினால் தயங்கி நிற்போர் பின்தொடர்வதே பெரும்பாலும் நிகழ்கின்றது. கட்டடத்தை விட்டு வெளியேறியவர் வாசலருகே கூடி நிற்காது, பார்வைக்கு எட்டாத தூரம் வரை சென்று, அதன் பின்னரே அவசர இலக்கத்தை அழைக்க வேண்டும். வட அமெரிக்காவில் அது 911, அவுஸ்திரேலியாவில் 000, பிரித்தானியாவில் 999.

முதற் சத்தத்தை நம்ப மறுப்பதே உயிராபத்தான தாமதத்துக்குக் காரணமாகின்றது. நொறிஸ் மண்டபத்தில் பலர் அதனை அயலில் நடந்த கட்டட வேலையின் ஓசை என்றே எண்ணினர். பட்டாசு என்றும் கதிரை விழுந்த ஓசை என்றும் மனம் சமாதானம் தேடும். சந்தேகம் எழுந்தவுடன் எழுந்து கதவருகே சென்றவர், பின்னர் அது பட்டாசு என்று தெரியவந்தால் சிறிது வெட்கப்படுவார், அவ்வளவே இழப்பு. தீ எச்சரிக்கை மணி விடயத்திலும் விழிப்பு வேண்டும். 2018 பெப்ரவரி 14 ஆம் திகதி 17 பேர் கொல்லப்பட்ட புளோரிடாவின் பார்க்லாண்ட் பாடசாலையில், துப்பாக்கிச் சூட்டினால் எழுந்த புகையும் தூசியும் தீ எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்தன. சூட்டோசையைத் தெளிவாகக் கேட்டிராத மேல்மாடி மாணவர்கள் தீ எனக் கருதி வகுப்பறைகளை விட்டு வெளியேறி நடைவழியில் அகப்பட்டனர். மணியோடு வெடிச்சத்தமும் கேட்குமாயின், புகையோ நெருப்போ தென்படாதவரை அவசரப்பட்டு நடைவழிக்குச் செல்லாதிருப்பதே நன்று.

வெளியேற வழியில்லையெனில் ஒளிந்துகொள்ள வேண்டும். ஆனால் ஒளிதல் என்பது கதவை அடைத்தல் என்றே விளங்கிக்கொள்ளப்பட வேண்டும். பூட்டு இருந்தால் பூட்டுதல். பூட்டியபின்னும் மேசை, கதிரை, அலுமாரி என்று பாரமான அனைத்தையும் கதவோடு அடுக்குதல். உட்புறமாகத் திறக்கும் கதவுக்கு இது பயன்தரும். வெளிப்புறமாகத் திறக்கும் கதவாயின் கைபிடியை இடுப்புப் பட்டியாலோ வயராலோ கட்டி, அசையாத பாரமொன்றுடன் பிணைக்கலாம். கதவின் மேற்பகுதியில் தானாக மூடும் இரும்புக் கை இருந்தால் அதனையே பட்டியினால் இறுகச் சுற்றிவிடலாம். விளக்குகளை அணைத்து, கதவுக்கு நேரே நில்லாது, பக்கச் சுவரோரமாகக் கதவின் கண்ணாடியினூடாகத் தென்படாத இடத்தில் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரு மூலையில் நெருக்கியடித்துக்கொள்வது இயல்பாக வருவது. எனினும் பிரிந்திருப்பதே பாதுகாப்பு. வெளியிலிருந்து எவர் தட்டினாலும், பொலிஸ் என்று கூறினாலுங்கூட, உறுதிப்படுத்தாது திறத்தல் ஆகாது. செக் குடியரசின் பிராக் நகரிலுள்ள சார்ள்ஸ் பல்கலைக்கழகத்தில் 2023 டிசெம்பர் 21 ஆம் திகதி 14 பேர் கொல்லப்பட்டபோது, வகுப்பறைகளில் இருந்த பலர் தளபாடங்களால் கதவுகளை அடைத்தே உயிர் தப்பினர். கட்டடத்தின் உச்சியில் ஒடுங்கிய விளிம்பொன்றில் மாணவர்கள் ஒண்டியிருந்த படங்களை வாசகர்கள் கண்டிருக்கக்கூடும்.

போரிடுதல் என்பது கதவு உடைந்து, ஓடவும் இடமின்றி, முகத்துக்கு முகம் நேர்ந்துவிட்ட கணத்துக்கானது. வீரத்தைத் தேடிச் செல்வதற்கான அழைப்பு அதுவன்று. அவ்வாறு நேருமாயின் ஒருவர் தனித்துப் பாய்வதைவிட, அறையிலுள்ளோர் அனைவரும் ஒருசேரக் கதிரைகளையும் தீயணைப்புக் கருவியையும் கையில் கிடைப்பவற்றையும் வீசித் தாக்குவதே வாய்ப்பளிக்கும். மேற்குறித்த 160 சம்பவங்களுள் 21 இல் ஆயுதமற்ற பொதுமக்களே துப்பாக்கிதாரியை மடக்கிப் பிடித்திருந்தனர் என்பதை எப்.பி.ஐ. பதிவுசெய்துள்ளது.

பொலிஸார் உள்ளே வரும் கணம் பலரும் எண்ணிப் பார்க்காத இன்னொரு ஆபத்தைக் கொண்டது. கொலம்பைனில் பொலிஸார் வெளியே வளைத்து நின்று விசேட அணிக்காகக் காத்திருந்தமை பெரும் கண்டனத்துக்குள்ளாகி, முதலில் வந்துசேரும் அலுவலர்கள் தாமதியாது உள்ளே நுழைய வேண்டுமென்ற நடைமுறை அதன் பின்னர் உருவாகியது. அந்நடைமுறை எங்கும் ஒழுங்காகப் பின்பற்றப்படுவதில்லை. 2022 மே 24 ஆம் திகதி ரெக்ஸாஸ் மாநிலத்தின் யுவால்டி ஆரம்பப் பாடசாலையில் 19 சிறுவர்களும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்ட வேளை, பொலிஸார் 77 நிமிடங்கள் வகுப்பறைக்கு வெளியே நின்றனர். எவ்வாறாயினும், உள்ளே வருபவர்களின் முதல் நோக்கம் துப்பாக்கிதாரியை நிறுத்துவதே. காயமடைந்தவர்களைக் கடந்துகூட அவர்கள் செல்வர். அதனை இரக்கமின்மை என்று கொள்ளலாகாது. யார் மாணவர், யார் கொலையாளி என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே கைகள் இரண்டும் வெறுமையாக, விரல்கள் விரிந்து, தலைக்குமேல் உயர்ந்திருக்க வேண்டும். கையடக்கத் தொலைபேசியும் கையில் இருக்கலாகாது. அவர்களை நோக்கி ஓடுதல், சட்டையைப் பற்றிக் கதறுதல், சட்டைப் பையினுள் கைவிடுதல் என்பன கூடாதவை. நிறத்தாலும் தாடியாலும் ஆடையாலும் சந்தேகத்துக்கு இலக்காகக்கூடிய எமது பிள்ளைகளுக்கு இதனை இருமுறை சொல்ல வேண்டும். இது நியாயமா என்ற கேள்வி வேறு. அந்த நிமிடத்தில் அதனை வாதிட முடியாது.

பாதுகாப்பின் சுமை முழுவதையும் மாணவர் தலையில் ஏற்றுவதும் முறையன்று. நொறிஸ் மண்டபத்தின் வாசல் சங்கிலியிடப்பட்டிருந்ததை அன்று காலையில் ஒரு மாணவி கண்டார். உள்ளே செல்ல வேண்டிய அவசரத்தில் ஜன்னல் வழியாக ஏறிச் சென்றார். குண்டு மிரட்டல் குறிப்பொன்றைக் கதவில் கண்டெடுத்த ஆசிரியர் ஒருவர், பொலிஸாரை அழையாது அதனை மேல்மாடியிலுள்ள பீடாதிபதி அலுவலகத்துக்கு அனுப்பவே முற்பட்டார். வழமைக்கு மாறான ஒன்றைக் கண்டால் யாருக்கு அறிவிப்பது என்பது எவருக்கும் பழக்கமாக்கப்பட்டிருக்கவில்லை. கொலையாளியின் எழுத்துக்களையும் நடத்தையையும் கண்டு அஞ்சிய ஆசிரியர்கள் முன்னரே முறையிட்டிருந்தனர். 2005 டிசெம்பரில் நீதிமன்றமொன்று அவனை வெளிநோயாளர் சிகிச்சை பெறுமாறு பணித்திருந்தது. இத்தகவல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மேசையில் கிடந்தன. அந்தரங்கத்தைப் பேணும் சட்டம் தடுக்கிறதெனத் தவறாக விளங்கிக்கொண்டு அவற்றை ஒன்றுசேர்க்க எவரும் முன்வரவில்லை. (அவனது பெயரை நாம் இங்கு எழுதாதது தவறுதலாக அன்று.) அதன் பின்னரே வேர்ஜீனியா மாநிலம் தனது அரச பல்கலைக்கழகங்களில் அச்சுறுத்தல்களை மதிப்பிடும் குழுக்களைக் கட்டாயமாக்கியது. ஆபத்து உறுதியானவுடன் மாணவர்களுக்கு உடனடியாக அறிவிக்க வேண்டுமென்ற விதியும் 2008 இல் அமெரிக்க மத்திய சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

இன்று அவ்வறிவித்தல் கையடக்கத் தொலைபேசிக்குக் குறுந்தகவலாக வருகின்றது. 2023 பெப்ரவரி 13 ஆம் திகதி இரவு மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில் 3 மாணவர்கள் கொல்லப்பட்டபோது, முதல் அவசர அழைப்புக் கிடைத்துச் சுமார் 12 நிமிடங்களில் வளாகமெங்கும் அறிவித்தல் சென்றடைந்தது. 2007 இன் இரண்டு மணித்தியாலங்களுடன் ஒப்பிடுகையில் இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் தாக்குதல் நிகழும் கட்டடத்தில் இருப்பவருக்கு 12 நிமிடங்களும் நீண்டவை. குறுந்தகவல் அயற் கட்டடத்தில் இருப்பவரைக் காக்கும். அதே கட்டடத்தில் இருப்பவரைக் காப்பது கதவும் பூட்டுமே. ஒரு பூட்டின் விலை அற்பமானது. அதனைப் பொருத்துவதற்கு ஒரு பேரிடர் தேவைப்பட்டது என்பதே எமக்கு விளங்காத புதிர்.

பெற்றோருக்கு இறுதியாக ஒன்று. நொறிஸ் மண்டபத்தினுள் நுழைந்த மீட்புப் பணியாளர்கள் பின்னர் மறக்க முடியாது கூறியது, இறந்தவர்களின் உடைகளினுள் தொலைபேசிகள் ஓயாது ஒலித்துக்கொண்டிருந்ததையே. செய்தி கேட்ட பெற்றோரும் உறவினரும் அழைத்துக்கொண்டிருந்தனர். ஒளிந்திருக்கும் பிள்ளையின் தொலைபேசி ஒலித்தால், அதிர்ந்தாலுங்கூட, அது இருக்குமிடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். மணியோசையையும் அதிர்வையும் நிறுத்திவைக்குமாறு பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நீங்களும் அழையாதீர்கள். ஒரேயொரு குறுந்தகவல் அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். பல மணித்தியாலங்கள் பதில் வராதிருக்கலாம். மிச்சிகனில் மாணவர்கள் சுமார் நான்கு மணித்தியாலங்கள் இருளில் இருந்தனர். அடுத்த முறை பிள்ளை தொலைபேசியில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு வேறு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். உன் வகுப்பறைக் கதவை உள்ளிருந்து பூட்ட முடியுமா? நீ வழமையாகச் செல்லும் வாசலைத் தவிர வெளியேற வேறு வாசல் எது? அங்கு போய் மாற்றிய புதிய தொலைபேசி இலக்கத்தைப் பல்கலைக்கழகத்தின் அவசர அறிவித்தல் சேவையில் பதிந்துவிட்டாயா?